குடிக்கலாம் என்று சொன்ன தண்ணீர்

முக்கூடல் சாலையை ஒட்டி, வாய்க்கால் கரையில் இருந்தது குமரகுருபரனின் சாயப்பட்டறை. பட்டறை என்று யாராவது சொன்னால் அவன் முகம் சுண்டிப்போகும். "இயற்கை வண்ணக்கூடம்" என்று திருத்துவான். பெங்களூரில் கணினி வேலையை விட்டுவிட்டு, பூமிக்குப் பாரமில்லாத சட்டை செய்யப்போகிறேன் என்று சேரன்மகாதேவிக்குத் திரும்பி வந்தவன் அவன். சொந்தக்காரர்கள் அவனுக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டார்கள்.

அவுரி இலையை நொதிக்க வைத்து நீலச் சாயம் எடுப்பார்கள். அதற்குச் சுண்ணாம்பும் வெல்லமும் வேண்டும். சாதா வெல்லம் போதும்தான். ஆனால் குமரகுருபரன் உடன்குடிக் கருப்பட்டிதான் போடவேண்டும் என்று நின்றான். அப்போதுதான் துணிக்கு ஒரு கதை கிடைக்கும் என்பது அவன் எண்ணம். சாயத் தொட்டியைக் கவனிக்கும் பெர்சிஸ் ஒருநாள் சிரிக்காமல் கேட்டாள்: "சட்டைக்குக் கருப்பட்டி, எங்களுக்குச் சீனிக் காப்பியா சார்?" மறுநாளிலிருந்து எல்லோருக்கும் கருப்பட்டிக் காப்பி வந்தது. அதையும் அவன் படம் எடுத்து, 'எங்கள் குடும்பம்' என்று தலைப்புப் போட்டு வெளியிட்டான்.

துணி அலசிய தண்ணீர் மணலிலும் சரளையிலும் இறங்கி, கல்வாழை நட்ட குட்டையில் போய்த் தேங்கும். அந்தக் குட்டையருகே நின்றுதான் அவன் தன் புகழ்பெற்ற வீடியோவை எடுத்தான். ஒரு கை தண்ணீரை அள்ளி, "இதைக் குடிக்கலாம். அவ்வளவு சுத்தம்" என்று வாய்வரை கொண்டுபோனான். அதற்குமேல் வீடியோவில் இல்லை. கையில் இருந்ததை அவன் கல்வாழைக்கே ஊற்றிவிட்டது அவனுக்கும் கல்வாழைக்கும் மட்டும் தெரியும்.

குட்டையின் கரை ஒரு பக்கம் தாழ்ந்திருந்ததையும் அன்றைக்கே பார்த்தான். படம் பிடிக்கும் கோணத்தில் அது விழவில்லை. பிறகு சரி செய்யலாம் என்று விட்டுவிட்டான்.

ஐப்பசி மழை விடாமல் பெய்து, தாழ்ந்த பக்கத்தை அறுத்துக்கொண்டு போனது. விடியும்போது வாய்க்கால் முழுக்க நீலம். அடுத்த வயல்காரர் சத்தியநேசன், ஊர் வேதக்கோயிலில் எல்லோரும் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகை வருகிறதென்று தன் வெள்ளை வேட்டியை இருட்டோடே அந்த வாய்க்காலில்தான் அலசியிருந்தார். அதை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு பட்டறை வாசலுக்கு வந்தார். பின்னால் ஊரே வந்தது.

"என்ன வே இது? வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுதது உண்டு. நீரு குடம் குடமால்லா போட்டிருக்கீரு!"

"அண்ணாச்சி, இது கெமிக்கல் இல்ல. இலைதான். ஒண்ணும் செய்யாது" என்றான் குமரகுருபரன். குரல் அவனுக்கே விளம்பரம்போல் கேட்டது.

"ஒண்ணும் செய்யாதா? குடிக்கலாம்னு போன்ல சொல்லுதீரே, என் மகளும் காட்டுனா. குடிச்சுக் காட்டும் வே, பாப்பம்."

கூட்டத்தில் யாரோ டம்ளரையே கொண்டுவந்துவிட்டார்கள். குமரகுருபரன் சுற்றிப் பார்த்தான். வேலை செய்யும் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். இத்தனை நாள் பேசிய பேச்சுக்கு ஒரு வாய் தண்ணீராவது உள்ளே போகவேண்டாமா என்று அவனுக்கே தோன்றியது. குட்டையில் முக்கி எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். பழஞ்சுண்ணாம்பும் பாசியும் கலந்த ருசி. பாதி டம்ளர் இறங்குவதற்குள் சத்தியநேசன் பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏய், நிப்பாட்டும் வே! கோவத்துல சொன்னா அப்படியேவா குடிக்கிறது? படிச்ச மனுசன்தானா நீரு?"

அந்தக் கேள்விக்குப் பதிலை வயிறு சொல்லத் தொடங்கியிருந்தது. அன்று முழுவதும் அவன் நின்ற நேரத்தைவிட ஓடிய நேரம் அதிகம். பூமிக்குப் பாரமில்லாமல் வாழ்வது இதுதான் போலும் என்று கழிவறையில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டான்.

மறுநாள்தான் சோதனைக்கு ஆள் வருகிற நாள். 'தீங்கில்லாத உற்பத்தி' என்ற சான்றிதழ் தருவதற்காகச் சென்னையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். இரவு மழையில் வாய்க்கால் பழைய நிறத்துக்கு வந்துவிட்டிருந்தது. குமரகுருபரனின் நாக்கும் பல்லும்தான் வரவில்லை.

"நாவப்பழம் தின்னேன்னு சொல்லிருங்க" என்றாள் மனைவி விஜயஸ்ரீ.

"ஐப்பசியில ஏது நாவப்பழம்?"

"அப்ப வாயத் திறக்காமப் பேசுங்க."

அதிகாரி எல்லாவற்றையும் பார்த்தார். கழிவறை, காற்றாடி, கையுறை என்று ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். கடைசியில் குட்டையருகே வந்து, "கழிவுநீர் எப்போதாவது வெளியே போயிருக்கிறதா?" என்று கேட்டார். அறுந்த கரையைத் தென்னங்கீற்று போட்டு மூடியிருந்தார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தொட்டியருகே பெர்சிஸ் கையைத் துடைத்துக்கொண்டு அவனையே பார்த்தபடி நின்றாள்.

"நேத்துப் போச்சு. கரை தாழ்வா இருக்கது எனக்குத் தெரியும். வீடியோ எடுக்கதுல மறந்துட்டேன்" என்றான் குமரகுருபரன். நீலப் பல் முழுவதும் வெளியே தெரிந்தது. அதிகாரி ஒரு கணம் அதையே பார்த்துவிட்டு, கீற்றை விலக்கச் சொன்னார். அந்த வருஷம் சான்றிதழ் கிடைக்கவில்லை. அதை நம்பியிருந்த வெளிநாட்டுக் கடை ஒன்று விலகிக்கொண்டது. வீடியோவை அவனே நீக்கிவிட்டான். அதுவரை பார்க்காதவர்கள்கூட அது எங்கே என்று கேட்டார்கள்.

மழை விட்ட முதல் நாள் மண்வெட்டியோடு கரையில் இறங்கினான். கொஞ்ச நேரத்தில் சத்தியநேசனும் ஒரு மண்வெட்டியோடு வந்து எதிர்ப்பக்கம் வெட்டத் தொடங்கினார்.

"உமக்காக வரல வே. மறுபடி உடைஞ்சா என் வயல்தான் கிடக்கு" என்றார். மதியத்துக்குள் குமரகுருபரன் இரண்டு முறை சேற்றில் விழுந்தான். இரண்டு முறையும் அவர்தான் தூக்கிவிட்டார்; இரண்டு முறையும் சிரித்தார். மூன்றாவது முறை இருவரும் சேர்ந்தே விழுந்தார்கள்.

சாயங்காலம் பெண்களைக் கூப்பிட்டு அவன் சொன்னான்: "இனிமே ஐப்பசி, கார்த்திகையில சாயம் போடவேண்டாம். மழைக்கு நாம பதில் சொல்ல முடியாது."

"அப்பம் அந்த ரெண்டு மாசம் நாங்க எங்கன போவோம் சார்?" என்றாள் பெர்சிஸ்.

"எங்கயும் போகவேண்டாம். சாயம் போடாத துணியில சட்டை தைப்போம். எல்லாரும் தையல் பக்கம் வந்துருங்க, சம்பளம் நிக்காது."

"எனக்குத் தைக்கத் தெரியாதே சார்."

"எனக்கு ஒண்ணுமே தெரியாது. நான் கம்பெனி நடத்தலியா?"

பெர்சிஸ் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றவர்கள் அதுகூடச் செய்யவில்லை.