துரைக்குப் பக்கத்து நாற்காலி

ஒளியை ஆள்பவனே காலத்தை ஆள்கிறான் என்பது புகைப்படக் கலைஞர் ரெங்கசாமியின் முடிந்த முடிவு. அவருடைய ஸ்டூடியோ இருந்த மலையூரான தானா ராத்தாவில் ஒளி காலையில் தாமதமாக வரும். மத்தியானம் பனி ஏறியதும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். இடைப்பட்ட நேரத்தில் அவர் காலத்தை ஆண்டுகொண்டிருந்தார்.

எழுபத்தெட்டில் ஈப்போவுக்குப் போய் ஓர் அகலக்கோண லென்ஸ் வாங்கிவந்தார். ஒரு தோட்டத்தையே ஒரே படத்தில் அள்ளிவிடுமாம். மழைக்காலம் முடிவதற்குள் கண்ணாடிக்குள் வெள்ளையாக வேர்விட்டது. பூஞ்சணம். மலையில் செருப்புக்கு வரும், பெட்டியில் மடித்துவைத்த வேட்டிக்கு வரும். லென்சுக்கும் வந்தது.

பிறகென்ன, பஸ்தான். வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தாப்பா வரை இறங்கி, அங்கிருந்து ஈப்போ. ரிப்பேர்க்காரச் சீனர் லென்சை விளக்கில் தூக்கிப் பார்த்து, "அடுத்த வாரம் லா" என்பார். அடுத்த வாரம் போனால், "ஸ்குரு வரல லா."

"அங்கேயே ஒரு பாயப் போட்டுப் படுத்துக்குங்க" என்றாள் மனைவி ருக்குமணி. "எனக்கு வாந்தித் துணி தொவைக்கிற வேலையாவது மிச்சம்."

ஒருவழியாக ஆயுத பூஜை வாரத்தில் லென்ஸ் திரும்பி வந்தது. அந்த மாதந்தான் தேயிலைத் தோட்டத்துத் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி பழனியப்பன் ஓய்வு பெறுகிறார். தோட்டத்துக் குரூப் போட்டோவில் வெள்ளைக்கார மேனேஜர் துரை உட்காருவார். கிராணி பின்னால் நிற்பார். அதுதான் வழக்கம். இந்த ஒருமுறை கிராணிக்கும் நாற்காலி என்று துரை சம்மதித்துவிட்டார். அப்பா துரையோடு சமமாக உட்காருபவர் என்று கோலாலம்பூரில் கிராணியின் மகள் மாமியார் வீட்டில் எப்போதோ சொல்லிவைத்திருந்தாள். அதற்கு ஆதாரம் இனிமேல்தான் எடுக்கப்பட வேண்டும்.

பூஜையன்று பேக்டரியில் இலை உருட்டும் மிஷினுக்கும் லாரிக்கும் சந்தனம் வைத்து முடித்த கிராணி, கேமராவிடம் வந்தார். "இதுவும் ஆயுதந்தான்யா" என்று கட்டைவிரலால் லென்சுக்கு ஒரு பொட்டு வைத்தார். கலைக்குக் கிடைத்த மரியாதையில் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்த ரெங்கசாமி, பொட்டு வளையத்தில் விழுந்ததா கண்ணாடியில் விழுந்ததா என்று பார்க்கவில்லை.

பிறகு கேமராவுக்குள் கண்ணை வைத்தார். நடுவில் மங்கல்.

"பனி வந்திருச்சு. யாரும் அசையாதீங்க."

"எங்கய்யா பனி? மண்ட காயுது இங்க" என்றாள் கொழுந்து பறிக்கும் வேலாயி.

"லென்சுக்குத் தெரியறது நமக்குத் தெரியாதும்மா."

"அப்ப லென்ச வெயில்ல நிக்கச் சொல்லு. நாங்க அந்தாண்ட போறோம்."

துரை கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். எழுந்துவிடுவார் போலிருந்தது. ரெங்கசாமி பனியோடேயே எடுத்துவிட்டார்.

படத்தில் ஓரத்து ஆட்கள் அத்தனை பேரும் துல்லியம். வேலாயி திட்டுவதும் லாரி டிரைவர் இருளப்பன் காது குடைவதும் தெளிவாகத் தெரிந்தன. நடுவில் இரண்டு மேகங்கள் உட்கார்ந்திருந்தன. லென்சைச் சரியாகத் துடைக்கத் தெரியாதவன் என்று சீனரைத் திட்டியபடியே ரெங்கசாமி மறுபடியும் பஸ் ஏறினார். சீனர் நகத்தால் சுரண்டினார், மூக்கில் வைத்தார், "வாசமா இருக்கே?" என்று மலாயில் கேட்டார். ரெங்கசாமி துடைத்த லென்சை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே மலையேறினார்.

"இதுல நான் எங்கய்யா?" என்றார் கிராணி.

"இதாங்க."

"பக்கத்துல?"

"துரைங்க."

கிராணி படத்தைக் கவிழ்த்து வைத்தார். துரை லீவில் சீமைக்குப் போய்விட்டார். சனிக்கிழமைக்குள் கிராணி வீட்டைக் காலிசெய்ய வேண்டும். "மகளுக்கு என்னத்தய்யா அனுப்புவேன்? மேகத்தையா?"

சனிக்கிழமை காலை துரை பங்களாப் புல்வெளியில் இரண்டு நாற்காலிகள் போடப்பட்டன. சமையல்காரரிடம் கெஞ்சி வாங்கிய துரையின் கோட்டும் தொப்பியும் போட்டு, இங்கிலீஷ் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு இருளப்பன் அமர்ந்தான். லாரியை ரோட்டில் நிறுத்திவிட்டு வந்த அவசரம் அவனுக்கு.

"மூஞ்சி தெரியக்கூடாதுடா."

"தெரியாதுங்கய்யா. படிச்சிக்கிட்டே இருக்கேன்."

"தலகீழா படிக்கிறடா."

பேப்பர் நிமிர்ந்தது. கிராணி முதுகை நிமிர்த்திக் கைகளை நாற்காலிமேல் வைத்தார். ரெங்கசாமி களைத்துப்போன குரலில் கேட்டார்: "இடுப்போட வெட்டிரட்டுங்களா?"

"முழுசா எடுய்யா! நாக்காலிக் கால் தெரியலன்னா நிக்கறேன்னு சொல்லுவானுங்க."

சுத்தமான லென்ஸ் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டது. படம் கண்ணாடிச் சட்டத்தோடு கோலாலம்பூர் போய், சம்பந்தி வீட்டுக் கூடத்தில் மாட்டப்பட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்கள்.

அதில் துரை கைலி கட்டியிருக்கிறார்.