எழுதும்போதே தெரியும்

1

இது கதையாகத் தொடங்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 'புதிதாக உள்ளே வருபவர்களுக்கு' என்ற தலைப்பில் ஒரு செய்முறைக் குறிப்பாகத் தொடங்கியது. மேலாளர் வினுதா கேட்டார், எழுதினேன். பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இதுதான் என் பிழைப்பு. எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்று ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுப்பேன். இன்று காலை அந்தக் குறிப்பை எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். அதில் ஒரு வரி இல்லை. மறந்துபோய் விட்ட வரி அல்ல அது.

2

முதல் தொடக்கம்: 'அழைப்பு இல்லாமல் யாரும் நுழைய முடியாது என்பதாலேயே நகரம் முழுவதும் ஓடையின் வாசலில்' — வேண்டாம். விளம்பரம் மாதிரி இருக்கிறது.

(ஓடை என்பது நான் வைத்த பெயர். உண்மைப் பெயர் நமக்குத் தேவையில்லை. கடிதத்துக்கும் அரட்டைக்கும் நடுவில் ஒரு சாதனம். நான் குறிப்பு எழுதியதும் இதற்குத்தான். இரண்டு பேர் ஒரே பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு அதில் எழுதி எழுதிப் பேசலாம். உள்ளே இருப்பவர் அழைத்தால்தான் நீங்கள் போக முடியும். அழைப்பு வைத்திருப்பவர்கள் சில வாரங்கள் எங்கள் அலுவலகத்தில் மாப்பிள்ளை மாதிரி நடந்தார்கள்.)

இரண்டாவது தொடக்கம்: 'சுசேந்திரா நல்லவன்.' இதுவும் சரிவராது. இப்படித் தொடங்கினால் அடுத்த பக்கத்தில் அவனைச் சாகடிக்கப் போகிறேன் என்று நினைப்பீர்கள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

3

சுசேந்திரா தாவணகெரேக்காரன். ஆறு வருடமாக என் எதிர் இருக்கை. நிறுவனம் செய்கிற மென்பொருளில் ஓட்டை இருக்கிறதா என்று சோதிப்பது அவன் வேலை. ஜெயநகரில், நின்றுகொண்டே சாப்பிடும் தர்ஷினி ஒன்றில், ஒரு காபியை பை-டூ சொல்லி ஆளுக்குப் பாதியாகக் குடித்துக்கொண்டிருந்தோம்.

"ஒண்ணுதான் மிச்சம் இருக்கு குரு. ஹூப்ளி மச்சான் அழைப்பு அனுப்பு, அழைப்பு அனுப்புன்னு உயிரை வாங்கறான்."

"அப்ப அவனுக்கே குடுத்துடு."

"அவன் வந்தா கோழிப்பண்ணைப் படமா அனுப்பித் தள்ளுவான். நீ வா. மத்தவங்க எல்லாம் வந்து எட்டிப் பாத்துட்டு ஓடிட்டாங்க. உள்ள நான் ஒண்டியா உக்காந்து என் பேரையே பாத்துட்டிருக்கேன்."

(குரு என் பெயர் அல்ல. பெங்களூரில் நண்பனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) மச்சானைப் பகைத்துக்கொண்டு எனக்குக் கொடுத்தான். அன்றிலிருந்து ஓடையில் அவன் எழுதியதெல்லாம் எனக்கு மட்டும்தான்.

4

இனி, விடுபட்ட அந்த வரி.

ஓடையில் நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும், தட்டும்போதே எதிராளியின் திரையில் விழும். அனுப்பு என்று அழுத்தும்வரை அது காத்திருக்காது. நீங்கள் அழிப்பதும் அங்கே அழியும், அவர் பார்த்த பிறகு.

சுசேந்திராவுக்கு இது தெரியாது.*

அந்த வாரம் வினுதா என்னிடம், குறிப்பு எழுதும் பிரிவை மூடப்போகிறோம், சோதனைக் குழுவுக்குப் போகிறீர்களா, சுசேந்திராவிடம் பேசிப் பாருங்கள் என்றார். ஓடையில் அவனைக் கேட்டேன். ஆங்கில எழுத்தில் கன்னடம் ஓடத் தொடங்கியது.

"நீ இங்க வந்தா உன் வேலையையும் நான்தான் குரு பாக்கணும். இப்ப மட்டும் என்ன? ஆறு வருஷமா எது எப்படி ஓடுதுன்னு நான் சொல்றேன், நீ அழகா எழுதிப் பேர் வாங்கற. என்னால முடியல"

அங்கே நின்றது. பிறகு பின்னாலிருந்து ஓர் எழுத்து, இன்னோர் எழுத்து என்று எல்லாம் மறைந்தது. வெற்றிடத்தில் புதிய வரி வந்தது.

"வா குரு! ஜாலியா இருக்கும்!"

நான் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன்.

* தெரியாமல் போனதற்கும் நான்தான் காரணம். எழுத்துக்காரன் என்ற வீம்பில், வேறிடத்தில் எழுதித் திருத்திக் கொண்டுவந்து ஒட்டுவேன். அவன் திரையில் என் வார்த்தைகள் எப்போதும் முழுசாகவே வந்து விழுந்தன.

5

அவன் மேல் கோபம் வந்ததாக எழுதிப் பார்த்தேன். [அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். பொய்.] வந்தது வெட்கம் மட்டும்தான். அவன் எழுதியதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. எது எப்படி இயங்குகிறது என்று எனக்கு எப்போதுமே தெரிந்ததில்லை, அவனைத்தான் கேட்பேன்.

அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று உண்டு. அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை. தினமும் ஏதாவது கேட்டுவிட்டு, அவன் அழிக்கப்போவதைப் படிக்கக் காத்திருந்தேன். பூட்டாத கதவு வழியாக ஒருவன் உடை மாற்றுவதைப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இதைத் தமிழில் ஏன் எழுதுகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். படம் பார்த்துப் பார்த்துத் தமிழ் நன்றாகப் பேசுவான் சுசேந்திரா. படிக்கத் தெரியாது.

6

இன்று மூன்று மணிக்கு வினுதாவோடு அவனுக்குப் பேச்சுவார்த்தை. இந்த வருடமும் அவனுக்குப் பதவி உயர்வு இல்லை. ஏன் என்று கேட்கப்போகிறான். வினுதா வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார். புதுச் சாதனத்தின் மோகத்தில், எல்லாப் பேச்சும் இனி ஓடையில்தான் என்று சொல்லிவிட்டார்.

"உன் குறிப்பைப் படிச்சேன் குரு. தண்ணி மாதிரி புரியுது," என்றான் சாப்பாட்டு நேரத்தில்.

"வினுதாகிட்ட பாத்துப் பேசு."

"கவலைப்படாத. முதல்ல வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டிடுவேன். கெட்ட வார்த்தைகூட வரும். அப்புறம் அதை அழிச்சிட்டு மரியாதையா எழுதுவேன். எனக்கு அப்படித்தான் மரியாதையே வரும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். பிறகு இருக்கைக்கு வந்து இந்தக் கதையைத் தொடங்கினேன்.

சொல்லியிருந்தால் எப்படிப் போயிருக்கும் என்று எழுதிப் பார்க்கிறேன்.

"சுசி, நீ அழிக்கறது எல்லாம் எதிர்ல இருக்கறவங்களுக்குத் தெரியுது."

"அப்படின்னா அன்னைக்கு நான் எழுதினது?"

"அன்னைக்கா? நான் தண்ணி குடிக்கப் போயிருந்தேன்."

"உன் பேர் பக்கத்துல பச்சைப் புள்ளி எரிஞ்சுது குரு. ஆள் பாத்துட்டிருந்தாத்தானே அது எரியும்?"

ஓட்டை கண்டுபிடிப்பவனிடம் பொய் சொல்ல முடியாது. எழுதிப் பார்த்ததில் இதுதான் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் நான் பார்த்தது தெரியும். சொல்லாவிட்டால் அவன் வேலை போகும். இவ்வளவு எளிய கணக்கைப் போட எனக்கு ஒரு முழுக் கதை தேவைப்பட்டிருக்கிறது.

7

முடிவுகளை வரிசையாக வைக்கலாம். வினுதா படித்துவிட்டு, இத்தனை நாள் யாரும் தன்னிடம் சொல்லாத உண்மை என்று உருகுகிறார். (நீங்களே நம்பமாட்டீர்கள்.) சரியாக மூன்று மணிக்கு மின்சாரம் போகிறது. (கையாலாகாதவன் எழுதும் முடிவு.) சுசேந்திரா

எதிரே அவன் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்கிறான். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்கிறான், வினுதா என்னவோ நேரில் பார்க்கப்போவதுபோல. என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துகிறான். விசைப்பலகையை இழுத்துக்கொள்கிறான்.

இந்தக் கதைக்கு நல்ல முடிவு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை எழுத இரண்டு பத்தி போதும். அந்த இரண்டு பத்தி நேரத்தில் அவன் கொட்டி முடித்துவிடுவான். இதற்குக் கீழே அழகான முடிவைப் படித்தீர்கள் என்றால் நான் எழுந்து போகவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள், என்னைக் காறித் துப்புங்கள். ஒன்றும் இல்லையென்றால் மீதியை நீங்களே

"சுசி, கையை எடு. எதையும் தட்டாத. அன்னைக்கு நீ எழுதினதை நா