இரண்டாவது பட்டன்

சிட்டு மிட்டாய் டப்பாவை நீட்டியபோது நான் இரண்டு எடுத்துக்கொண்டேன். ஒன்று மட்டும் எடுத்தால் பொறாமை என்று நினைத்துவிடுவாளோ என்கிற பயம். பெண் வன ஆய்வாளர்களுக்கான அந்த ஆராய்ச்சி நிதி எங்கள் இருவரில் ஒருத்திக்குத்தான் என்று தெரிந்தேதான் இருவரும் விண்ணப்பித்தோம். "உனக்குக் கிடைச்சா எனக்குக் கிடைச்ச மாதிரி" என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டோம். சொன்னபோது அது உண்மைதான். அவளுக்குக் கிடைத்ததும் எனக்கு வயிறு எரிந்தது. காத்திருப்போரில் முதல் பெயர் என்னுடையது. முதலாண்டு மேற்பார்வையில் அவள் வேலை சரியில்லை என்றால் மீதி நிதி எனக்கு மாறும் என்று எங்கள் நிறுவன இயக்குநர் ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல்தான் என்னைக் கெடுத்தது.

எங்கள் வேலை ஒரே காட்டில்தான். நெருக்கியடித்து நிற்கும் மரங்களில் சிலவற்றை வெட்டி, மற்றவற்றை வளரவிட வேண்டும். காடு காடாகவே இருக்க வேண்டும், மரமும் கிடைக்க வேண்டும் என்றால் எவ்வளவு வெட்டலாம் என்பதுதான் கேள்வி. எந்த மரம் போகலாம் என்று பார்த்துப் பார்த்துக் குறியிட்டவள் நான். வெட்டியபின் மண்ணில் விழும் வெளிச்சத்தில் என்ன முளைக்கிறது என்று பார்ப்பவள் அவள். நிற்கும் மரங்களின் சுற்றளவை வருஷா வருஷம் மார்பு உயரத்தில் நாடா சுற்றிச் சேர்ந்தே அளப்போம். முதல் வருஷம் உயரம் குறித்த கோலை ஆற்றோடு விட்டுவிட்டோம். சிட்டு பெயருக்கேற்ற குள்ளம். அதனால் என் சட்டையின் இரண்டாவது பட்டன்தான் கணக்கு என்று வைத்துக்கொண்டோம். திரும்பி வந்து பார்த்தால் அது விதிமுறை உயரத்தைவிட நாலு விரல் மேலே. ஆனாலும் முதலில் அளந்த இடத்தில்தான் பிறகும் அளக்க வேண்டும்; இல்லையென்றால் மரம் வளர்ந்ததா, நாம் இடம் மாறினோமா என்று தெரியாது. அந்த மரங்களோ வருஷம் தவறாமல் பட்டை உரிப்பவை. நாங்கள் பூசும் சாயமும் பட்டையோடு போய்விடும். ஆகவே ஒவ்வொரு வருஷமும் நான் போய் மரத்தோடு ஒட்டி நிற்பேன், அவள் நாடாவைச் சுற்றுவாள்.

இந்த வருஷமும் கேட்டாள். "நெட்டை, நீ இல்லாம எனக்கு வேலை ஓடாதுடி. ஒரு வாரம் வந்துட்டுப் போயேன்."

"லீவு இல்லடி. பாப்பாவுக்கு வேற பரீட்சை."

பாப்பாவுக்குப் பரீட்சை முடிந்திருந்தது. முடிந்த அன்றே 'சித்தி வீட்டுக்குப் போறேன்' என்று ஓடி, சிட்டுவின் மடியில் படுத்துப் படம் பார்த்த பிள்ளை அது. சிட்டு நிதிப் பணத்தில் பளபளவென்று ஓர் அலுமினியக் கோல் வாங்கினாள். அவள் காட்டுக்குக் கிளம்புவதற்கு முன் ஒருநாள், வேறொரு காட்டுக்குப் போய்விட்டு வந்த நான் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அலுவலகத்தில் எங்கள் அறை வாசலில் நின்று, போனில் என் வீட்டுக்காரரிடம் கத்திக்கொண்டிருந்தேன். சிட்டு வந்து கதவு நிலையில் பென்சிலால் ஏதோ கிறுக்கினாள்.

"என்னடி பண்ற?"

"ஒண்ணுமில்ல, நீ சண்டையப் போடு" என்றாள்.

காட்டிலிருந்து திரும்பி வந்ததும் அளவுகளைத் திரையில் காட்டினாள். அத்தனை மரமும் தடித்திருந்தது, கண்டபடி தடித்திருந்தது. எனக்குச் சட்டென்று விளங்கியது. புதுக் கோலில் அச்சடித்திருக்கும் உயரத்தில் அளந்திருக்கிறாள். நாலு விரல் கீழே. கீழே போகப் போக அடிமரம் பருமன்தானே? மேற்பார்வைக்கு வருகிறவர்கள் போன வருஷக் கணக்கோடு ஒப்பிட்டால் பிடிபட்டுவிடும். சொல்லியிருக்கலாம், ஒரே வாக்கியம்தான். "நல்லா வந்திருக்குடி" என்றேன். அன்று வீட்டில் பாடிக்கொண்டே சமைத்தேன். "என்ன, லாட்டரி எதுவும் விழுந்துருச்சா?" என்றார் வீட்டுக்காரர்.

மேற்பார்வைக்கு நிதி அமைப்பிலிருந்து ஓர் அம்மா வந்தார். நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். லீவு உடனே கிடைத்தது. சிட்டு மாட்டிக்கொள்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஏற்றத்தில் என் முழங்கால் வலிக்குமென்று அவளே என் பையையும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். நானும் கொடுத்தேன்.

"எல்லா மரமும் இப்படி வளர்ந்திருக்குன்னா நம்பறதுக்குக் கஷ்டமா இருக்கே" என்றார் அந்த அம்மா. "ஒண்ணு அளந்து காட்டுங்க, பாப்போம்."

நான் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நகர்ந்து நின்றேன். சிட்டு கோலை ஒரு மரத்தோடு சேர்த்து நிறுத்தினாள். அதில் சிவப்பாக அச்சுக் கோடு. அதற்கு நாலு விரல் மேலே பசை போட்டு ஒட்டியிருந்தது ஒரு வெள்ளைப் பட்டன். போன வருஷம் இங்கேதான் அது என் சட்டையிலிருந்து முள்ளில் மாட்டிப் பிய்ந்து விழுந்தது. என் சட்டையில் இப்போது அந்த இடத்தில் நீலப் பட்டன்.

"அச்சுல இருக்கறதப் பாக்காதீங்க மேடம். இந்த பட்டன்தான் கணக்கு. இவளோடது. இவளுக்கு லீவு கிடைக்கல, அதான் பூட்ஸோட நிக்கிறப்பவே கதவுல உயரத்தக் குறிச்சுக்கிட்டேன்." சிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எத வெட்டணும், எத விடணும்னு பாத்ததும் இவதான்."

அப்படியென்றால் அளவில் பிசகில்லை. நான் விட்டுவைத்த மரங்கள் உண்மையாகவே வளர்ந்திருந்தன. எத்தனை வருஷமாக இதற்காகக் காத்திருந்தேன்! சந்தோஷம் வரவேண்டிய நேரம். எனக்கு வந்ததோ அழுகை. நான் வராததால் எதுவும் நின்றுவிடவில்லை. என் இடத்துக்கு ஒரு கோலும் ஒரு பட்டனும் போதுமாக இருந்திருக்கிறது. அந்தக் கோலைப் பார்த்துக்கூட எனக்குப் பொறாமையாக இருந்தது.

"ஆளே இருக்கும்போது கோல் எதுக்கு? வாடி" என்றாள் சிட்டு.

போய் மரத்தோடு ஒட்டி நின்றேன். நாடாவின் நுனியை நீலப் பட்டனுக்கு நேராக வைத்துப் பிடித்துக்கொண்டேன். அவள் நாடாவோடு மரத்தைச் சுற்றி மறுபக்கம் போனாள். இப்போது அவள் குரல் மட்டும்தான் கேட்டது.

"ஏய் நெட்டை, ரொம்ப இறுக்கற. மரம் வளர்ந்திருக்குடி, கொஞ்சம் விடு."

குனிந்து பார்த்தேன். நாடாவின் விளிம்பு பட்டைக்குள் பதிந்திருந்தது. என் விரல்நுனிகள் வெளுத்துப்போயிருந்தன. மறுபக்கத்திலிருந்து அவள் மெதுவாக இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.