யார் ஊட்டிய இரை

புறாக் குஞ்சின் கழுத்துக்குக் கீழே விரலை வைத்து அவசரமாக அழுத்திப் பார்த்தாள் தையல்காரி. தீனிப்பை இரை நிரம்பிக் கிண்ணென்று இருந்தது. அடுத்ததைத் தூக்கினாள். அதுவும் அப்படியே.

மூன்று நாளுக்கு முன்பு பூனை நுழைந்து ஆண் புறாவையும் பெட்டையையும் தீர்த்துவிட்டிருந்தது. பன்னிரண்டு நாள் குஞ்சுகள், தானாகப் பொறுக்கத் தெரியாது. பெரிய புறாவின் வாய்க்குள் அலகை விட்டு உறிஞ்சினால்தான் பிழைப்பு. செத்துத் தொலையட்டும் என்று இவள் கூடத்து மூலையில் இருந்த புறாப் பெட்டிப் பக்கமே போகவில்லை.

அப்படியானால் யாரோ வீட்டுக்குள் வந்து போகிறார்கள். எவன்? எப்படி? கடைக்குக் கிளம்பும்போது வாசலில் பூட்டு, சாவி இவள் இடுப்பில். உள்ளே இருப்பது கணவன் மட்டும். இரண்டு வருடத்துக்கு முன்பு மாடிக் கூண்டுக்கு ஏறியவன், ஏணி சறுக்கிக் கீழே விழுந்தான். அன்றிலிருந்து அந்த ஜன்னலோரக் கட்டில்தான். பேச்சில்லை, விரல்கூட அசையாது. நினைவே திரும்பாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

கதவு தட்டப்பட்டது. நாத்தனார்.

"என்ன அண்ணி, பேயைப் பாத்த மாதிரி நிக்கறீங்க?"

"குஞ்சு ரெண்டும் சாகலைம்மா. யாரோ உள்ள வந்து தீனி குடுக்கறாங்க. இன்னைக்கே பூட்டை மாத்தணும். இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது."

"பூட்டை உடைச்சு வந்து புறாவுக்குத் தீனி போடறானா? நல்ல திருடன்." நாத்தனார் சிரித்தாள். "இதெல்லாம் எங்கண்ணன் வேலை. சின்ன வயசுல, தாயில்லாத குஞ்சுன்னா சோளத்தை மென்னு வாயாலயே ஊட்டுவான். அம்மா திட்டித் தீப்பாங்க."

சொல்லிக்கொண்டே ஒரு குஞ்சை வாங்கி அண்ணன் தலையணையில் விட்டாள். "பாருண்ணா, உன் புள்ள."

குஞ்சு கீச்சிட்டது. மொட்டைச் சிறகுகளைப் படபடவென்று அடித்துக்கொண்டு அவன் முகத்தை நோக்கித் தவழ்ந்தது. வழி தெரிந்தது போல நேராகப் போய், உதட்டோரத்தில் அலகைச் செருகியது.

உதடுகள் மெல்லத் திறந்தன. பல்லிடுக்கில் மஞ்சளாக, மென்ற சோளம்.

நாத்தனாரின் சிரிப்பு நின்றுபோயிற்று. "அண்ணா?"

அவன் தங்கையைப் பார்க்கவில்லை. கண்கள் தையல்காரி மேலேயே நின்றன. அன்று ஏணியின் உச்சிப்படியிலிருந்து குனிந்து பார்த்தானே, அதே பார்வை. இவள் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்து இழுத்தபோது.