சந்தனத்துக்கு அடியில்

கல்யாண வீட்டுக்காரிக்கு நகை, பந்தி, பத்திரிகை என்று ஆயிரம் கவலை இருக்கும். வேலுத்தாய்க்கு இருந்த கவலை கால் கட்டைவிரல் நகம். ஒரே மகளின் கல்யாணத்தை வைத்துக்கொண்டு ஒரு தாய் நகத்தை நினைத்தா மருகுவாள் என்று யாரும் கேட்கலாம். அந்த நகத்தைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

இரண்டு கட்டைவிரலிலும் நகம் மஞ்சளித்து, தடித்து, உளுத்த கட்டை மாதிரி ஓரத்தில் பொடிந்துகொண்டிருந்தது. அதை அவள் யாருக்கும் காட்டியதில்லை. புருஷன் நாகையா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். பொண்டாட்டியின் காலைக் குனிந்து பார்க்க அவருக்கு ஏது நேரம்?

அச்சங்குளத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலுத்தாய்க்குப் பல வருட வேலை. மருந்து அறைக்குள் செருப்பு கூடாது. வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் உள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டு, வெறுங்காலோடுதான் போக வேண்டும். ஆனாலும் அங்கே அவளுக்குப் பயமில்லை. அலுமினியப் பொடி படிந்து, மத்தியானத்துக்குள் எல்லாப் பெண்களின் காலும் வெள்ளிக் காலாகிவிடும். நகம் எது, விரல் எது என்று தெரியாது. சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது. சாயங்காலம் தொட்டியடியில் மற்றவர்கள் தேய்த்துத் தேய்த்துக் கழுவும்போது, இவள் மட்டும் "வீட்ல போய்க் கழுவிக்கிடுதேன்" என்று நழுவிவிடுவாள்.

மகள் வேல்விழிக்குச் சாத்தூரில் ஒரு மெடிக்கலில் வேலை. மருந்துக் கடையிலேயே மகள் இருக்கும்போது அவளிடம் காட்டுவதற்கென்ன? காட்டத்தான் நினைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வேல்விழியே அந்தப் பேச்சை எடுத்தாள்.

"யம்மா, நேத்து கடைக்கு ஒரு ஆளு வந்தாரு. நகத்துல பூஞ்சையாம். வாயால சொன்னா பத்தாதா? காலைத் தூக்கி ஸ்டூல் மேல வச்சுக் காமிக்காரு. சீ, அதெல்லாம் ஒரு காலா? மஞ்ச மஞ்சேன்னு அரிச்சுப் போயி... இப்ப நெனச்சாலும் கொமட்டுதும்மா. குளிக்கவே மாட்டாக போல."

வேலுத்தாய் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். "அப்படியா" என்று சொல்லிவிட்டு மகளுக்கு ரசம் ஊற்றினாள். ரசம் இலைக்கு வெளியே சிந்தியது. தினமும் குளிக்கிறவள்தான் அவள். அதை எடுத்துச் சொல்லவா முடியும்?

அடுத்த வாரமே லீவு போட்டு விருதுநகருக்குப் போய் ஒரு தோல் டாக்டரைப் பார்த்தாள். பஸ் சாத்தூரில் மகளின் கடையைத் தாண்டும்போது, கீழே விழுந்த எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். தப்புப் பண்ணப் போகிறவள் கூட இப்படிப் பதுங்க மாட்டாள்.

டாக்டர் முகம் சுளிக்கவில்லை. "பூஞ்சைதாம்மா. மாத்திரை குடுக்கலாம். ஆனா உங்களுக்கு முன்னாடி மஞ்சக்காமாலை வந்து ஈரல் கெட்டுருக்கு, வேண்டாம். நகத்துல பூசுற மருந்து எழுதுறேன். புது நகம் முழுசா வளர்ற வரைக்கும் விடாமப் பூசணும். வருசமானாலும் ஆகும். நடுவுல விட்டுட்டா திரும்ப வந்துரும்" என்றார்.

மருந்து வந்த பாட்டில் நகச்சாயப் பாட்டிலை விடப் பெரிதில்லை. அதற்குள் அவளுடைய இரண்டு நாள் கூலி இருந்தது. மகள் வேலை பார்க்கிற கடையில் வாங்கினால், வேலையாளின் தாய் என்று கொள்முதல் விலைக்கே கொடுப்பார்கள். அது அவளுக்கும் தெரியும். வெட்கத்துக்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்தாள்.

பாட்டிலை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்து, வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து நகத்தை ராவிவிட்டுப் பூசினாள். இரண்டாவது பாட்டில் தீரும்போது நகத்தின் அடியில் பிறைபோல ஒரு கீற்று, சுத்தமாக, இளம் சிவப்பாக எட்டிப் பார்த்தது. அன்றைக்கு அவள் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! வீட்டுக்குள் தனியாக நின்று சிரித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை மாரிக்கண்ணன் ஆனைக்குட்டத்துப் பையன், சிவகாசியில் ஒரு அச்சகத்தில் வேலை. வேல்விழி தானாகப் பார்த்துப் பிடித்த மாப்பிள்ளை. முதலில் கொஞ்ச நாள் வேலுத்தாய் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பையனின் நடத்தையைப் பார்த்தபின் மனசு மாறிவிட்டது. ஆனால் அதை வாய்விட்டு மகளிடம் சொல்லவில்லை.

மூன்றாவது பாட்டிலுக்கு எடுத்து வைத்த பணம் ஒரு தடவை குத்துவிளக்காகப் போனது, ஒரு தடவை பட்டு ரவிக்கைத் தையலாகப் போனது. யாரிடமும் சொல்ல முடியாத செலவு அது. அதனால் தள்ளிப்போடவும் லேசாக இருந்தது. டாக்டர் சொன்ன மாதிரியே மஞ்சள் திரும்பி வந்து, அந்தச் சிவப்புக் கீற்றைத் தின்றுவிட்டது.

ஒருநாள் வேல்விழி துள்ளிக்கொண்டு வந்தாள். "யம்மா, மண்டபத்துல பாத பூஜை வைக்கணும்னு அவுக வீட்ல சொல்லுதாக. அவரு அவுக அப்பா அம்மாவுக்கு, நான் உங்களுக்கு. மேடைக்குப் பக்கத்துல பெரிய திரை வைக்காகளாம். கடைசி வரிசைக்கும் காலு நல்லாத் தெரியுமாம்!"

வேலுத்தாய் சட்டென்று மறித்தாள். "நமக்கு அந்தப் பழக்கமெல்லாம் கெடையாது. வேண்டாம்னு சொல்லிரு."

"பக்கத்து வீட்டு ஐஸ்வர்யா கல்யாணத்துல பண்ணினாகளே. நீயும் நின்னு பாத்தியே?"

"அவ வேற, நீ வேற."

அந்த நேரத்தில் வாயில் வரக்கூடாத வார்த்தை எதுவோ, அது சரியாக வந்து விழுந்தது. வேல்விழியின் முகம் செத்துப்போனது. "உனக்கு அவரை இன்னும் பிடிக்கல. அதான் ஆசீர்வாதம் பண்ண மனசு வரல. அப்படித்தான?"

இல்லை என்று சொன்னால் பிறகு ஏன் என்று கேட்பாள். வேலுத்தாய் பேசாமல் இருந்தாள். அந்த மௌனத்தை மகள் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

அன்றையிலிருந்து வேல்விழி அப்பாவிடம் மட்டும்தான் பேசினாள். சேலை எடுக்கப் போனபோது கூட, "இது நல்லாருக்கான்னு உங்க அம்மாகிட்ட கேளு" என்று நாகையா சொன்னதற்கு, "அவுகளுக்கு எது பிடிச்சிருக்கு?" என்றாள். கல்யாணம் நெருங்கியதும் நாகையா பொறுமை இழந்தார்.

"ஏளா, இது கல்யாண வீடா, எளவு வீடா? புள்ள மூஞ்சியப் பாத்தியா? காலை நீட்டிக்கிட்டுச் சும்மா உக்காரதுக்கு உனக்கு என்ன கேடு?"

"சரி, உக்காருதேன்" என்றாள் வேலுத்தாய். சொல்லிவிட்டு, அடுப்படிக்குள் போய் அழுதாள்.

கல்யாணத்தன்று விடியக்காலையில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. பச்சை மஞ்சளைக் கெட்டியாக அரைத்து, கணுக்கால் வரை அப்பிக் காயவிட்டாள். வெள்ளிக் கால் தங்கக் காலானது. நகம் எது, விரல் எது என்று தெரியவில்லை. கூட வேலை பார்க்கும் கருப்பம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "என்ன மதினி, இன்னைக்குப் பொண்ணு நீங்களா, ஒங்க மகளா?" என்று கேலி பண்ணினாள். வேலுத்தாயும் சிரித்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தாள்.

மேடையில் நாகையாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தாம்பாளத்தில் காலை வைத்தாள். வேல்விழி முகத்தைப் பார்க்காமலே செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றினாள். முதல் தண்ணீரிலேயே மஞ்சள் கரைந்து ஓடியது.

அப்போதுதான் வேலுத்தாய்க்கு உறைத்தது. காலைக் கழுவுகிற சடங்குக்கு, கழுவினால் போகிற பூச்சைப் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள்! இத்தனை வருடம் அலுமினியப் பொடியோடு குடித்தனம் நடத்தியவளுக்கு, காலில் படிந்தது தண்ணீருக்குப் போகும் என்ற நினைப்பே வரவில்லை. விரல்களை மடக்கிக் காலை இழுத்தாள்.

குதிகாலைப் பிடித்திருந்த மகளின் கை இறுகியது. "இதுக்குக்கூட மனசில்லையாம்மா?" என்றாள் தணிந்த குரலில். வீம்பாகக் காலை இழுத்து வைத்து, விரலில் ஒட்டியிருந்த மஞ்சளைக் கட்டைவிரலால் தேய்த்தாள். தேய்த்த கை அப்படியே நின்றது.

வீடியோக்காரர் கேமராவோடு குனிந்து கிட்டே வந்தார். வேலுத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். 'சீ' என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள். பிடித்த கை விலகும் என்று காத்திருந்தாள். உடம்பெல்லாம் கூசியது.

கை விலகவில்லை. காலில் குளிர்ச்சியாக ஏதோ விழுந்தது. கண்ணைத் திறந்தாள். வேல்விழி கிண்ணத்துச் சந்தனத்தைக் கை நிறைய வழித்து இரண்டு நகத்தின் மேலும் அப்பிக்கொண்டிருந்தாள். அதற்கு மேலே குங்குமம், அதற்கும் மேலே ரோஜா இதழ். பெரிய திரையில் சந்தனமும் பூவும் மட்டும்தான் தெரிந்தன.

"ஒரு பொட்டு வச்சாப் போதும்மா, இம்புட்டு எதுக்கு?" என்றார் வீடியோக்காரர்.

"எங்கம்மாவுக்கு இம்புட்டும் வைப்பேன்" என்றாள் வேல்விழி.

பிறகு நெற்றி காலில் படும்படி குனிந்தாள். மகளின் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்க வேலுத்தாயும் குனிந்தாள். இரண்டு தலையும் கிட்டே இருந்தன.

"இதுக்காகத்தானா?"

"ம்."

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல? தெனமும் இந்த மருந்தைத்தானம்மா எடுத்துக் குடுக்கேன்."

"நீதான அன்னைக்குக் கொமட்டுதுன்ன, தாயி."

சொல்ல நினைக்கவே இல்லை. எத்தனையோ நாளாக உள்ளே கிடந்தது, தானாக வெளியே வந்துவிட்டது. வேல்விழி தலையைத் தூக்கவில்லை. அவள் முதுகு குலுங்கியது. திரையில் அந்த முதுகு மண்டபம் முழுக்கப் பெரிதாகக் குலுங்கியது. "தாயைப் பிரிய மாட்டாம எப்படி அழுவுது பாருங்க" என்று கருப்பம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பக்கத்துப் பெண்களும் துடைத்துக்கொண்டார்கள். மாரிக்கண்ணன் ஒன்றும் புரியாமல் கைக்குட்டையை நீட்டிக்கொண்டு நின்றான்.

வேலுத்தாய்க்கு இப்போது நகம் ஒரு பொருட்டாக இல்லை. ஒரு நகத்தை மறைக்க, பெற்ற மகளை ஆசீர்வாதமில்லாதவளாக இத்தனை நாள் அலைய விட்டோமே என்றுதான் கூசியது. அதோடு விட்டாளா? தாலி ஏறுகிற நாளில் மகள் மனசிலும் ஒரு முள்ளைத் தைத்துவிட்டாள்.

"நான் தெரியாமச் சொன்னேம்மா. மறந்துரும்மா" என்றாள் வேல்விழி.

"அதை எப்பமோ மறந்துட்டேன்" என்று வேலுத்தாய் பொய் சொன்னாள். மகளின் கண்ணீர் சந்தனத்தைக் கரைத்துக்கொண்டு காலில் சூடாக இறங்கியது. பழக்கதோஷத்தில் காலை உள்ளே இழுத்துக்கொள்ளத் தோன்றியது. இழுக்காமல், மகளின் கையிலேயே விட்டுவைத்தாள்.