கிம்ப்பிக்கு ஓர் எடுத்துக்காட்டு

அகராதி அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சொல்லுக்கு அச்சில் வந்த மேற்கோள் கிடைக்கும்வரை, கண்ணெதிரே இருப்பதை வைத்து ஒரு வாக்கியம் எழுதி இடத்தை நிரப்பிவிடுவார்கள். தொகுப்பாளரான அவளும் அதைத்தான் செய்தாள்.

‘கிம்ப்பி: நொண்டுகிற என்பதற்கு ஆங்கிலப் பேச்சு வழக்கு. பிறப்பு உறுதியில்லை, அதே பொருளுள்ள கேமி என்ற சொல்லுக்கு உறவாக இருக்கலாம். எ-டு: எங்கள் பதிப்பாசிரியருக்குக் கிம்ப்பி கால்.’

பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டவள் சுத்தமாக மறந்துபோனாள்.

“உன் பக்கமெல்லாம் காலையிலேயே பதிப்பாசிரியர் மேசைக்குப் போயிடுச்சே,” என்றாள் பக்கத்து மேசைக்காரி. “அடிப்பாவி, அந்த வரிய எடுத்தியா இல்லையா?”

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அதற்குள் நடைகூடத்தில் அந்தச் சத்தம் கேட்டது. ஓர் அடி அழுத்தமாக, அடுத்த அடி தரையில் இழுபட்டு. ஆறு வருஷமாகக் கேட்டுப் பழகிய சத்தம்தான். இன்றைக்கு மட்டும் ஒவ்வோர் இழுப்பையும் அவள் எண்ணினாள். சத்தம் அவள் மேசையருகே வந்து நின்றது.

பதிப்பாசிரியர் தாளை அவள் முன் வைத்தார். எடுத்துக்காட்டின் மேல் சிவப்பு மை படவே இல்லை.

“வாக்கியம் சரியாத்தாம்மா இருக்கு,” என்றார். “குறிப்புதான் பத்தல. பேச்சு வழக்குன்னு மட்டும் போட்டிருக்கீங்க. கேக்குறவங்களுக்கு வலிக்கும்னு போடலையே.”

பேனாவை அவளிடமே நீட்டினார்.