சிப்பிக் கண்ணாடிகள்

விடிந்தால் புது வருஷம், பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கும் என்று பக்தவச்சலம் முன்னமே சொல்லிவிட்டுப் போயிருந்தார். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குப் போகிற வழியில் சங்கும் சோழியும் விற்கிற கடை அவருடையது. சிப்பி ஒட்டிய முகம் பார்க்கும் கண்ணாடி அங்கே நன்றாகப் போகும். அதை ஒட்டித் தருகிறவள் செங்கம்மாள். ஊருக்குத் தெற்கே மீனவர் குப்பத்தில் இருந்தாள்.

அந்த எழுபத்தைந்தாம் வருஷ மழைக்காலம் முழுக்கக் கடல் கொந்தளித்ததில் அவள் புருஷன் தனகோடி கட்டுமரத்தை இறக்கவே முடியவில்லை. வீட்டில் அடுப்பு எரிந்தது சிப்பியால்தான். கரை ஒதுங்கிய சிப்பியைப் பொறுக்கி, அலசி, காயவைத்து, கண்ணாடியைச் சுற்றிப் பூப்பூவாக ஒட்ட வேண்டும். நடுவில் கிணற்றுக்குப் போக வேண்டும், சோறாக்க வேண்டும், மூன்று வயசுப் பொன்னிக்குத் தலை வார வேண்டும். கைக்குழந்தையைக் கீழே விட்டால் வீறிடுவான். துணியால் அவனை இடுப்போடு கட்டிக்கொண்டே ஒட்டுவாள். பசை பட்ட கையால் அவனைத் தொட முடியாது, தொட்டால் மறுபடி கை கழுவ வேண்டும். கடைசியாக எப்போது அசந்து தூங்கினோம் என்று யோசித்தால் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

கடல் அடங்கியிருந்ததால் புது வருஷத்தன்று தனகோடி இருட்டோடு கடலுக்குப் போய்விட்டான். செங்கம்மாள் மிச்சம் இருந்த கண்ணாடிகளோடு உட்கார்ந்தாள். பொன்னியின் சத்தம் வெகுநேரமாகக் கேட்கவில்லை. அது நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகுதான் சுருக்கென்றது.

பொன்னி மூலையில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"இன்னாடி? மூக்க ஏன் நோண்டினுகீற?"

"மூக்குத்தி வச்சிக்கினேன்மா. உள்ள பூட்ச்சி."

பொடிச்சிப்பி ஒன்று மூக்குக்குள் வெள்ளையாகத் தெரிந்தது. செங்கம்மாள் விரலால் எடுக்கப் பார்த்தாள். அது இன்னும் உள்ளே போனது, ரத்தம் கசிந்தது. அழுகைச் சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு ஞானம்பாள் பார்த்ததும் பதறிப்போனாள்.

"கைய வைக்காத. செங்கல்பட்டு ஆசுபத்திரிக்கித் தூக்கினு ஓடு."

பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியுமா? இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாகக் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் பக்தவச்சலம் மறித்தார்.

"கண்ணாடி எங்கம்மா? கூட்டம் வந்துகினே கீதே!"

"கொயந்த மூக்குல சிப்பி மாட்டிக்கிச்சி அண்ணே. ஆசுபத்திரிக்கிப் போறேன்."

"அடடா! சரி, முடிஞ்சது எதுனா வூட்டாண்ட கீதா?"

அவள் நடையை எட்டிப் போட்டாள். எதிரே புதுத் துணியும் சாப்பாட்டுத் தூக்குமாகக் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். செங்கல்பட்டு பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டுகிறவரை பொன்னி அழுதாள். அப்புறம் வாயால் மூச்சு விட்டபடி அம்மாவின் தோளில் சாய்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா பொன்னியின் தலையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, வளைந்த கம்பி ஒன்றால் சிப்பியை வெளியே இழுத்துப் போட்டாள்.

"வீட்ல இருக்கிறவளுக்குப் பிள்ளையைப் பாக்கிறதவிட என்னம்மா வேலை?" என்று கேட்டாள்.

எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? செங்கம்மாள் வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாயிற்று.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்ததுதான் தெரியும். கண் விழித்தபோது மடி காலியாக இருந்தது. துள்ளி எழுந்தாள்.

"பதறாத, இங்கதான் கீறான்," என்றாள் பக்கத்தில் இருந்த கீரைக்காரி. பையன் அவள் புடவை மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். பொன்னி அவன் காலைப் பிடித்தபடி முறுக்கு கடித்துக்கொண்டிருந்தாள். "நயுவி வியப் பாத்தான். நான்தான் எடுத்துக்கினேன். நீ தூங்கு தாயி, பஸ்ஸு வந்தா எயுப்பறேன்."

தூங்கு என்று தன்னிடம் யாரோ சொன்னது செங்கம்மாளுக்குத் தாங்கவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். கீரைக்காரி ஏன் என்று கேட்காமல் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

வீடு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தனகோடி வாசலில் நின்றிருந்தான். பொன்னியைத் தூக்கி, அவள் மூக்குக்குள் ஒரு கண்ணால் பார்த்தான்.

"பக்கத்து வூட்டு அக்கா சொல்லிச்சி. பயந்தே பூட்டேன்," என்றான். "கடக்காரரு வந்து முடிஞ்சத எடுத்துக்கினு போனாரு. காணும் பொங்கலுக்கு இதுமாரி ரெண்டு பங்கு வோணுமாம். சரின்னுட்டேன்."

செங்கம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நீ சரின்ன. ஒட்டறது யாரு?"

"இன்னாமே, புச்சா பேசற?"

"நானே ஒட்டறேன். ஆனா நீ கரைக்கி வந்தப்பறம் ரெண்டு புள்ளையும் உங்கையில. தண்ணியும் நீதான் எடுத்தாரணும். முடியாதுன்னா இப்பவே போயி அவராண்ட இல்லன்னு சொல்லிட்டு வா."

அவள் குரலை உயர்த்தவில்லை. அதற்குத் தெம்பில்லை. சண்டையாக இருந்திருந்தால் அவனும் கத்தியிருப்பான்.

"கெணத்தாண்ட பொம்பளைங்கோ சிரிப்பாளுங்கோ."

"சிரிக்கட்டும்."

அவன் பையனைத் தோளில் சாத்திக்கொண்டு, குடத்தை எடுத்துக்கொண்டு போனான்.

காணும் பொங்கலுக்கு அவளால் கொடுக்க முடிந்தது, பக்தவச்சலம் கேட்டதில் பாதிதான். முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். தனகோடி சில நாள் சொல்லாமலே கிணற்றுக்குப் போனான். சில நாள் மறந்துவிட்டேன் என்று மணலில் படுத்துக் கிடந்தான். அவன் போன நாட்களில் மத்தியானம் பையன் பக்கத்திலேயே அவளும் கொஞ்சம் கண்ணயர்ந்தாள்.